தார் முதல் குமாவோன் வரை: குளிர்காலப் பறவைகளைக் காண ஒரு பயணம்

பறவைகள் குளிருக்கு அஞ்சியே இடம் பெயர்கின்றன என்பது பலருடைய எண்ணம். உண்மையில் அவற்றைக் கிளப்புவது பசிதான். இறகுப் போர்வை கொண்ட உயிர் குளிரைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் நிலத்தைப் பனி மூடிவிட்டால் விதையும் பூச்சியும் எட்டாமற் போகின்றன. மத்திய ஆசியப் பறவைகள் அப்போது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே பறந்து வருகின்றன. இமயத்தின் உயரங்களில் வாழும் பறவைகளுக்கு அத்தனை தூரம் தேவையில்லை. ஓரிரண்டாயிரம் மீட்டர் கீழே இறங்கினால் போதும். இந்த இருவகை வலசையையும் ஒரே பயணத்தில் பார்க்கும் வாய்ப்பு நம் நாட்டில் உண்டு. அதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

பாலைவனத்தையும் மலையையும் இணைக்க ஒரு ரயிலே இருக்கிறது. ஜெய்சல்மேருக்கும் காத்கோதாமுக்கும் இடையே ஓடும் ராணிகேத் விரைவு ரயில், தார்ப் பாலைவனத்தில் புறப்பட்டவரைக் குமாவோன் மலையடிவாரத்தில் இறக்கிவிடுகிறது. வட இந்தியக் குளிர்கால மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கமாதலால், மலைப் பகுதியில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிவைப்பது நல்லது.

பயணத்தைப் பிகானேரில் தொடங்கலாம். நகரையொட்டியுள்ள ஜோர்பீட் என்ற இடத்தில் இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடுகிறார்கள். நாற்றம் பொறுக்க முடியாதுதான். ஆயினும் அதைப் பொறுத்துக்கொள்பவர்களுக்குக் கிடைக்கும் காட்சி பெரிது. ஸ்டெப்பிப் புல்வெளிகளிலிருந்து வந்த கழுகுகளோடு, இமயத்திலிருந்து இறங்கிவந்த பாறுக் கழுகுகளும் அங்கே அமர்ந்திருக்கும். கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகத் தரப்பட்ட டைக்ளோபெனாக் என்ற மருந்து, அவற்றின் இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து அவ்வினத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது; கீட்டோபுரொபென், அசிக்ளோபெனாக் ஆகியவை 2023இல் தடைக்குள்ளாயின. எனவே நச்சு கலவாத இரை கிடைக்கும் இடங்கள் இப்பறவைகளுக்கு உயிர்நாடி.

அடுத்தது பலோடி நகருக்கு அருகிலுள்ள கீச்சன் கிராமம். மங்கோலிய, கசாக் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் டெமாய்செல் கொக்குகள் பல்லாயிரக்கணக்கில் இங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றைக் ‘குர்ஜா’ என்று அழைக்கிறார்கள். ஊரின் ஓரத்தில் வேலியிட்ட ஒரு முற்றத்தில் கிராமத்தார் நாள்தோறும் தானியம் இறைக்கிறார்கள். காலையில் கொக்குகள் வானில் வரிசை வரிசையாக வட்டமிட்டு, ஒன்றுக்கொன்று குரல் கொடுத்தபடி இறங்கும். அந்த ஒலி தொலைவிலேயே கேட்கும். கீச்சன் 2025இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கிராமத்தாரின் தானியம் அங்கே விழுந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஜெய்சல்மேருக்கு அருகே 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா விரிந்துள்ளது. பயணிகள் பலரும் இங்கு வருவது கானமயிலைக் காணவே. ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட வெளிகள் வரை வாழ்ந்த இப்பறவையின் எண்ணிக்கை இன்று சுமார் 150க்குள் சுருங்கிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானில்தான் உள்ளன. வளர்ந்த ஆண் பறவை 15 கிலோ வரை எடையிருக்கும். பெண் பறவை பொதுவாக ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே உள்ளதை அது நன்றாகக் காண்பதில்லை. கனத்த உடலைச் சட்டென்று திருப்பவும் இயலாது. ஆகவே மின்கம்பியில் மோதி மடிகிறது. காற்றும் வெயிலும் மிகுந்த அதே நிலம் மின் உற்பத்திக்கும் உகந்தது என்பதே இதில் உள்ள சிக்கல். மின்தடங்களை நிலத்தடியில் பதிக்க 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அதைத் திருத்தி, வழிகாண ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. இதற்கிடையே சாம், ராம்தேவ்ரா ஆகிய இடங்களில் கானமயில்களை அடைப்பில் வளர்த்துப் பெருக்கும் பணி நடைபெறுகிறது.

வழிகாட்டியின் தரம் தெரியவருவது இங்கேதான். கானமயிலைக் கட்டாயம் காட்டுவதாக உறுதி கூறுபவரை நான் நம்பமாட்டேன். நல்ல வழிகாட்டி வண்டியைப் பாதையிலேயே நிறுத்துவார். பறவை தலையை உயர்த்தி நடையை விரைவுபடுத்தினால் பின்வாங்கிவிடுவார். கானமயில் தென்படாத நாளிலும் பூனைப்பருந்துகளையும், மணலோடு மணலாய் ஒன்றிக் கிடக்கும் சிறு பறவைகளையும் அவர் காட்டுவார். பதிவு செய்யும்போதே வழிகாட்டி உள்ளூர்க்காரரா, பறவைகளின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்யும் வழக்கம் உடையவரா என்று கேட்டறியுங்கள். உணவு அரிதான காலத்தில், இல்லாத எதிரியைத் தேடிப் பறவை தன் சேமிப்பை வீணாக்குகிறது. மணற்கிராமங்களில் கைப்பேசித் தொடர்பு அடிக்கடி அற்றுப்போகும். கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்தையே நம்பியிராமல் சிறிது ரொக்கமும் வைத்திருங்கள்.

காத்கோதாமில் இறங்கினால் உலகமே வேறு. திறந்த வெளியில் தொலைநோக்கியைச் சுழற்றிய கண்களுக்கு, காட்டில் முதலில் ஒன்றுமே அகப்படாது. சாத்தாலிலும், நைனிதாலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பங்கோட்டிலும் அரை மணி நேரம் அமைதியாகக் கழியும். திடீரென ஒரே மரத்தில் பத்து வகைச் சிறு பறவைகள் நிறைந்துவிடும். குளிர்காலத்தில் பல இனங்கள் கூடிக் கலப்புக் கூட்டமாக இரை தேடுவதே இதற்குக் காரணம். கண்கள் பல இருந்தால் பருந்து வருவதை முன்னரே அறியலாம். ஒன்று கலைத்த பூச்சி இன்னொன்றுக்கு இரையாகும். இங்கே வழிகாட்டி கண்ணை விடக் காதையே நம்புகிறார். ஒரு மெல்லிய கீச்சொலியைக் கேட்டு, கூட்டம் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இந்தச் சரிவுகளில் இமயக் காடை என்ற பறவையும் இருந்தது. நைனிதாலுக்கு அருகே 1876இல் பதிவான பிறகு அதை உறுதியாகக் கண்டவர் எவருமில்லை.

கடைசி நாளை ராம்நகரை ஒட்டி ஓடும் கோசி ஆற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பல் நிறக் கூழாங்கற்களுக்கிடையே, வளைந்த சிவந்த அலகுடைய ஐபிஸ்பில் என்ற பறவை நின்றிருக்கும். அது அசையும் வரை கல்லுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. கரையோரப் பாறைகளில், உயர்மலைச் செங்குத்துகளிலிருந்து இறங்கிவந்த வால்கிரீப்பர் தொற்றித் தொற்றி ஏறும். இறக்கையை விரிக்கும் கணத்தில் மட்டும் குங்குமச் சிவப்பு மின்னும். வெயில் ஏறத் தொடங்கியதும் இவ்விரண்டும் மலைக்குத் திரும்பிவிடும். கீச்சனின் கொக்குகளும் மார்ச் மாதத்தில் வடக்கே கிளம்பிவிடும். ஆதலால் பயணத்தை பிப்ரவரி நடுப்பகுதிக்குள் முடிக்குமாறு திட்டமிடுங்கள்.