சர்க்கார் வக்கீலின் சம்பளம்

பட்டம் பெற்றதும் சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னேன். "சர்க்கார் வக்கீலுக்கு என்னடா சம்பளம்?" என்றார் அப்பா. விசாரித்தேன். அந்தப் பெயருக்குள் இரண்டு உத்தியோகங்கள் இருக்கின்றன.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பவர் அரசு உதவி வழக்கு நடத்துநர், நிரந்தர ஊழியர். தமிழ்நாட்டில் இதற்குத் தேர்வாணையத் தேர்வு உண்டு. எழுதுவதற்கே குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு தொழில் செய்திருக்க வேண்டும். அடிப்படை ஊதியம் ரூ. 56,100-இல் தொடங்கும். ஆண்டுதோறும் ஊதிய உயர்வு. இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்குப் பதவி உயர்வு.

செஷன்ஸ் கோர்ட்டின் அரசு வழக்கறிஞர் கதை வேறு. ஏழாண்டு தொழில் செய்த வக்கீல்களைக் கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பட்டியலிடுவார். அதிலிருந்து அரசு நியமிக்கும். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவது நாம் பார்த்ததுதானே!

கீழே இருப்பவர் அந்த நாற்காலிக்கு உயர முடியாதா? முறையான பணித்தொகுதி இருக்கும் மாநிலத்தில் அதிலிருந்தே நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். இதை நம்பிக் கேரளத்து உதவி வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஏணி அரசு வழக்கறிஞர் பதவிவரை எட்டினால்தான் அந்த உரிமை என்று 1990-இல் தீர்ப்பாயிற்று. 2023-இல் இயற்றிய புதிய சட்டமும் அப்படியே சொல்கிறது.

அப்பாவிடம் முதல் வழியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஐந்து வருஷம் யார் சோறு போடுவது?" என்றார்.