காதுக்குக் கதவில்லை!

போன ஆடி மாதம். கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார்.

"மூணு ராத்திரியா பொட்டுத் தூக்கம் இல்லீங்க டாக்டரய்யா. தலை பாறாங்கல்லு மாதிரி கனக்குது. தூக்கம் வர்றதுக்கு ஏதாச்சும் சூரணம் குடுங்க" என்றார்.

கண்கள் சிவந்திருந்தன. ரத்த அழுத்தம் பார்த்தேன். மாத்திரையில் ஒழுங்காகக் கட்டுப்பட்டிருந்த அழுத்தம் 170-ஐத் தாண்டி நின்றது.

"வீடு எங்கேம்மா?"

"அம்மன் கோயிலுக்கு எதுத்தாப்லதான். எங்க மாடிச் சுவத்துலதான் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருக்காங்க" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க. சாமி குத்தம்பாங்க."

அவருடைய தலைபாரத்தைவிட, அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தூக்கம் போனதைச் சொல்லக்கூட பயம்! உங்கள் தெருவிலும் இப்படி வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பவர்கள் இருக்கலாம். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம்.

தூக்கத்தை அடக்கலாமா?

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. பசி, தாகம், தும்மல், இருமல் மாதிரி உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள் இவை. இவற்றை வலிந்து அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் கண்ட உண்மை. அந்தப் பட்டியலில் நித்திரையும் ஒன்று. தூக்கத்தைத் தடுத்தால் தலை கனக்கும், கண் சிவக்கும் என்று படித்திருக்கிறோம். அந்த அம்மாவுக்கு இருந்தது அப்படியே அதுதான்.

இன்றைய விஞ்ஞானமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கண்ணுக்கு இமை இருக்கிறது, மூடிக்கொள்ளலாம். காதுக்கு ஏது கதவு? நாம் தூங்கும்போதும் காது விழித்தே இருக்கிறது. நள்ளிரவில் பெருஞ்சத்தம் கேட்டால், நாம் விழிக்காவிட்டாலும் மூளை அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயத்துடிப்பு கூடுகிறது. ரத்தக்குழாய்கள் இறுகி, அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாள் என்றால் உடம்பு சமாளித்துவிடும். இரவு இரைச்சலிலேயே வருஷக்கணக்கில் வாழ்பவர்களுக்கு ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம்.

சத்தத்தை 'டெசிபல்' என்ற அளவில் சொல்வார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். நிம்மதியான உறக்கத்துக்குப் படுக்கை அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் தொடர்ந்து இரைச்சல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொன்னது. 60 எங்கே, 30 எங்கே! இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு கூடிவிடும். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் இருந்தால், நாளடைவில் காது மந்தமாகும். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே விளையாடும் உங்கள் குழந்தையை இனிமேலாவது கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

'சாமி காரியம் சார்!'

நோய் எது, அதற்கு மூலகாரணம் எது என்று பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். இந்த அம்மாவின் நோய்க்கு மூலம் மாடிச் சுவரில் இருக்கிறது. அமுக்கரா சூரணத்தால் அதைக் கழற்ற முடியுமா? ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல், அதைக் கொடுத்த டாக்டரை அன்றைக்கே போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் விழாக்குழுவினரைப் பார்க்கப் போனேன். யார் புகார் செய்தது என்று சொல்லவில்லை.

"வருஷத்துக்கு ஒரு வாட்டி சார். சாமி காரியம். எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு இல்லாம ஆடி மாசமா? எங்க கோயில்ல பாட்டு போட எங்களுக்கு உரிமை இல்லையா?" என்றார் ஒருவர்.

இன்னொருவர் கேட்டது இன்னும் கூர்மை. "ஜி.எஸ்.டி. ரோட்டுல ராத்திரி பூரா லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போறான். அவனை விட்டுட்டு எங்ககிட்ட மட்டும் வர்றீங்களே?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இதே கேள்விகள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கின்றன. அதுவும் நம் சென்னையிலிருந்தே!

மாதவரம் நெடுஞ்சாலை வழக்கு

சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். நகர். அங்கே இருந்த 'சர்ச் ஆஃப் காட்' சபையில் ஒலிபெருக்கி, டிரம்ஸ், கிதார் வைத்து ஜெபம் நடக்கும். சத்தம் தாங்கவில்லை என்று கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச் சங்கம் புகார் செய்தது. 1996-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் காவல்துறைக்கு எழுதியது. விஷயம் ஐகோர்ட்டுக்குப் போனது. சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கிற முயற்சி இது என்பது சபையின் வாதம். சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலும் அங்கே பெரிய காரணம் என்பதும் சோதனையில் தெரிய வந்தது. நம்ம ஊர்க்காரர் கேட்ட அதே லாரிக் கேள்வி!

1999-ல் சென்னை ஐகோர்ட், சத்தத்தைக் கட்டுப்படுத்த போலீஸாருக்கு உத்தரவிட்டது. வாகன இரைச்சலையும் சேர்த்துத்தான். சபை மேல்முறையீடு செய்தது. 2000 ஆகஸ்ட் 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். முதியவர்கள், நோயாளிகள், படிக்கிற பிள்ளைகள், கைக்குழந்தைகள் ஆகியோரையும் நீதிபதிகள் நினைத்துப் பார்த்தார்கள்.

தீர்ப்பு வந்தது ஒரு சர்ச் வழக்கில் என்றாலும், கோயில், மசூதி, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான். மத சுதந்திரம் தருகிற அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் அந்தச் சுதந்திரம் என்கிறது. கவனித்தீர்களா? 'சுகாதாரம்' என்ற வார்த்தை அங்கேயே இருக்கிறது!

2005-ல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு விரிவான தீர்ப்பும் கொடுத்தது. அந்த வழக்குக்குத் தூண்டுதலாக இருந்த சம்பவத்தைக் கேட்டால் மனசு பதறும். பலாத்காரத்துக்கு ஆளான ஒரு சிறுமி உதவி கேட்டு அலறிய குரல், அக்கம்பக்கத்துப் பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பேச எனக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்டே தீரவேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

விதி என்ன சொல்கிறது?

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளில், நம் வீட்டுக்குத் தேவையானவை இவ்வளவுதான்:

* ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலமான அனுமதி வேண்டும்.
* இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது.
* திருவிழா, கலாசார நிகழ்ச்சிகளுக்காக, வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம்.
* குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை.
* அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் பகலில் 50, இரவில் 40.

திருவிழாவை விதி தடுக்கவில்லை, பாருங்கள். கொண்டாடவும் இடம் வைத்து, தூங்கவும் இடம் வைத்திருக்கிறது.

நானும் செய்த தப்பு

உபதேசம் செய்கிற இந்த வைத்தியனும் யோக்கியன் இல்லை. என் மகள் கல்யாணத்தின்போது வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, ராத்திரி பன்னிரண்டு வரை பாட்டுப் போட்டோம். 'நம்ம வீட்டுக் கல்யாணம், நம்ம சந்தோஷம்' என்ற நினைப்பு. இரண்டு வீடு தள்ளி ஒருவர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தார். மறுநாள் அவர் மனைவி மொய் எழுத வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவரால வர முடியலீங்கண்ணா, ராத்திரி கண்ணே மூடல" என்றார். அவ்வளவுதான். மற்றவர்களுக்குத் தூக்க மருந்து கொடுக்கிற நானே ஒரு நோயாளியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். முந்தின நாள் நான் ஒரு நடை போய்க் கேட்டிருந்தால், அரை நிமிஷ வேலை.

இந்தக் கதையைத்தான் விழாக்குழுவிடம் சொன்னேன். சட்டத்தைப் பற்றி அப்புறம்தான் பேசினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "குழாயைக் கழட்டிட்டு, கோயில் பக்கமா திருப்பி ரெண்டு பாக்ஸ் வச்சுக்கலாம்பா. பாட்டு அம்மனுக்குத்தானே?" என்றார். பத்து மணிக்கு நிறுத்துவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. விடியற்காலை ஐந்து மணிப் பாட்டு அதற்கப்புறமும் இரண்டு நாள் ஒலித்தது. மறுபடியும் போய்ச் சொன்னோம். ஆனால் ராத்திரித் தூக்கம் திரும்பியது. பத்து நாளில் அந்த அம்மாவின் அழுத்தமும் பழைய நிலைக்கு இறங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் விசேஷமா? அக்கம்பக்கத்தில் நோயாளி, கைக்குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறார்களா என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

சத்தம் உங்களை வாட்டுகிறதா? பாட்டு ஓடும்போது போய்ச் சண்டை போடாதீர்கள். மறுநாள் காலையில், நாலு பேராகப் போய், யாருக்கு என்ன உடம்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். 'நிறுத்துங்கள்' என்பதைவிட, 'குறையுங்கள், திருப்பி வையுங்கள்' என்பது எளிதில் எடுபடும். அதுவும் பலிக்காவிட்டால் காவல்துறையிடம் புகார் செய்யுங்கள். அது உங்கள் உரிமை, சாமி குற்றம் ஆகாது.

எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மர் குகைக்குள் உக்கிரமாக எழுந்தருளியிருப்பவர். ஆனால் அவர் சந்நிதியில் இரண்டு நிமிஷம் கைகூப்பி நின்றுவிட்டு வந்தால், மனசு என்னமாய் அடங்கிப் போகிறது! தெய்வம் நமக்குக் கொடுக்கிற அந்த அமைதியில் கொஞ்சத்தை அடுத்த வீட்டுக்கும் விட்டு வைப்போமே!