குரலின் வலுவும் பொது அலைவரிசையும்: அமெரிக்கப் பிரசைகள் வானொலி பற்றிய ஒரு குறிப்பு

வானொலிக் கருவியுடன் இணைக்கப்படும் வலுப்பெருக்கி என்னும் சிறு பெட்டி இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்குரியதன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான உறவு எமது துறையின் அடிப்படைப் பிரச்சினைகளுள் ஒன்று. அவ்வுறவை இச்சிறு பெட்டி எவ்வாறு மாற்றியது என்பதே இங்கு எமது நோக்கு.

1958 இல் அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, 27 மெகாஹேட்ஸ் அளவிலான மீடிறன்களைச் சாதாரண பிரசைகளின் குறுந்தூரப் பேச்சுக்கென ஒதுக்கியது. ‘சிற்றிசன்ஸ் பாண்ட்’, சுருக்கமாகச் சி. பி., என்று அது பெயர் பெற்றது. முதலில் 23 அலைவழிகள் இருந்தன. 1977 ஜனவரி முதல் அவை 40 ஆயின. ஏ. எம். முறையில் ஒருவர் செலுத்தக்கூடிய வலு 4 வாற்று மட்டுமே. இவ்வெல்லை தற்செயலானதன்று. அலைவழிகள் சில, பேசுவோரோ பலர். ஒருவருடைய குரல் சில மைல்களில் ஓய்ந்தால்தான் அடுத்த ஊரார் அதே அலைவழியில் பேச முடியும்.

1973 இன் எண்ணெய் நெருக்கடி இவ்வூடகத்தை வரலாற்றின் மையத்துக்குக் கொணர்ந்தது. எரிபொருள் விலையேற்றத்தையும் தட்டுப்பாட்டையும் எதிர்த்த லொறிச் சாரதிகள் அவ்வாண்டு டிசெம்பரில் பென்சில்வேனியா, ஒஹாயோ முதலிய மாநிலங்களில் நெடுஞ்சாலைகளை மறித்தபோது, அவர்களை ஒருங்கிணைத்த சாதனங்களுள் சி. பி. முக்கியமானது. 1974 இல் மணிக்கு 55 மைல் என்ற வேகவரம்பு நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்ட பின்னர், பொலிசார் நிற்குமிடத்தைச் சாரதிகள் ஒருவருக்கொருவர் அறிவித்ததும் இதன்வழியேதான். வானொலி ஒருவழி விநியோகக் கருவியாக இராது இருவழித் தொடர்புக் கருவியாக வேண்டும் என 1932 இல் பேர்டோல்ட் பிறெக்ட் வாதிட்டார். அவர் கண்ட கனவின் ஒரு கீற்று இந்நெடுஞ்சாலைகளில் நனவாயிற்று எனலாம்.

நெரிசல் பெருகியதும் சந்தை ஒரு தீர்வை விற்க முன்வந்தது. ‘லீனியர்’ எனப்பட்ட வலுப்பெருக்கி அது. வானொலிக்கும் அன்ரெனாவுக்கும் இடையே பொருத்தப்படும் இப்பெட்டி 4 வாற்றை 100 வாற்றாகவோ அதற்கு மேலாகவோ உயர்த்தும். வாகனப் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 15 அம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சும்.

வலு 25 மடங்காயின் பயன் எவ்வளவு? கேட்போனின் கருவியிலுள்ள அளவுமுள் இரண்டு புள்ளிகளுக்குச் சற்று அதிகமாகவே உயரும். ஏனெனில் ஒவ்வொரு புள்ளிக்கும் வலு நான்கு மடங்காக வேண்டும். நிலத்தை ஒட்டிச் செல்லும் அலையின் வலு தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது என்பது பொதுக் கணிப்பு. அதன்படி தூரத்தை இரட்டிக்கவே 16 மடங்கு வலு தேவை. ஆகவே 25 மடங்கு வலு பெற்றவனின் தூரம் இரண்டேகால் மடங்கு கூட இல்லை. ஆனால் அவன் ஆக்கிரமிக்கும் நிலப்பரப்போ ஐந்து மடங்காகிவிடுகிறது. குரல் விளங்காத தொலைவிலும் அவனுடைய அலை பிறரது அலையோடு மோதிச் சீழ்க்கை ஒலியை எழுப்பும்.

இன்னொன்று முக்கியமானது. பெருக்கி அனுப்பும் ஒலியை மட்டுமே பெருக்குகிறது. கேட்கும் ஆற்றலை அணுவளவும் கூட்டுவதில்லை. பெரிய வாயும் சிறிய காதும் உடைய இத்தகையோரை அந்நாட்டு வானொலியாளர் ‘முதலை’ என்றழைப்பர். மறுமுனையிலுள்ளவனும் பெருக்கி வாங்கினாலன்றி அவனது பதில் வந்து சேராது. உரையாடல் பிரசங்கமாகிறது. பிறெக்ட் விமர்சித்த ஒருவழித் தொடர்பே, இம்முறை அரசின் கையாலன்றிப் பிரசையின் கையாலேயே, மீண்டும் நிலைநாட்டப்படுகிறது.

‘லீனியர்’ என்னும் பெயரிலும் ஒரு முரண் உண்டு. மலிவான பெருக்கிகள் பல நேர்விகிதமாகப் பெருக்கவேயில்லை. ஒலியைத் திரித்து, 10 கிலோஹேட்ஸ் தள்ளியிருந்த அயல் அலைவழிகளிலும் சிந்தின. 27 மெகாஹேட்ஸின் இரட்டிப்பான 54 மெகாஹேட்ஸிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியின் 2 ஆம் அலைவழி தொடங்கியது. எனவே அயல்வீட்டாரின் தொலைக்காட்சித் திரையும் குழம்பிற்று.

இதனைத் தனிமனிதரின் பேராசை என்று கூறி அமைவது எளிது, ஆனால் போதாது. நெடுஞ்சாலைகளை மறித்தோரிற் பலர் தமது லொறிக்குத் தாமே உடைமையாளர். உழைப்பாளியும் சிறு முதலாளியும் ஒரே உடலில் வாழ்ந்தனர். கூட்டாக மறியல் செய்த கை போட்டியிலும் இறங்கியமை அவ்வர்க்க நிலையோடு பொருந்துகிறது. எனினும் பெருக்கி வாங்கிய எல்லோரையும் இவ்வொரு சூத்திரத்தில் அடக்குவது கொச்சையான பொருளாதாரவாதமாகும். தூரத்துக் குரலைத் தொடும் ஆசை வர்க்கம் கடந்தும் இருந்தது. பக்கத்து வண்டி பெருக்கி பூட்டியபின் தன் குரல் அமுங்கிப்போக, வேறு வழியின்றி வாங்கியவனும் இருந்திருப்பான்.

1978 இல் ஆணைக்குழு, 24 முதல் 35 மெகாஹேட்ஸ் வரை இயங்கவல்ல புறப் பெருக்கிகளின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. இதனால் முதலிற் பாதிக்கப்பட்டோருள், பரீட்சை எழுதி உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளரும் அடங்குவர். அவர்களது 28 மெகாஹேட்ஸ் அலைவரிசைக்கான பெருக்கிகளும் 2006 இல் விதி தளரும்வரை இத்தடையுள் அகப்பட்டன. சி. பி. க்கான தனிநபர் உரிமமோ 1983 இல் ஒழிக்கப்பட்டது. கருவியைத் தடைசெய்து, பேசுவோரின் பதிவேட்டையும் மூடிய பின்னர், விதியை மீறுவோரைத் தேடிப்பிடிப்பது மேலும் கடினமாயிற்று. தடை இன்றும் சட்டத்தில் உண்டு. ஆயினும் 6 ஆம் அலைவழியில் ஆயிரக்கணக்கான வாற்றுகளோடு முழங்குவோர் இருந்துகொண்டேயிருக்கின்றனர். 4 வாற்றுக்காரர் அங்கிருந்து விலகிச் செல்கின்றனர்.

சந்தை ஆரவாரத்தில் மறைந்துபோன ஒரு மாற்றும் இருந்தது. உரிய நீளமுடைய அன்ரெனாவை வண்டியின் கூரையில் உயரப் பொருத்தி, இணைப்பை அளந்து சீர்செய்தால் 4 வாற்று தன் முழுத்தூரமும் செல்லும். அதே அன்ரெனா எதிர்முனையிலிருந்து வரும் மெல்லிய குரலையும் தெளிவாகக் கொணரும்.