நாலு மணிப் பசியும் பள்ளி வாசல் கடையும்

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு, நாலரை மணிக்குப் பள்ளி வாசலைத் தாண்டும்போது நிஜமாகவே பசிக்கிறது. அதை வெறும் தின்பண்ட ஆசை என்று நினைத்துப் பத்தோ இருபதோ கையில் கொடுத்துவிடுகிறோம். அந்தக் காசுக்கு வாசலில் என்ன கிடைக்கிறதோ அதைப் பிள்ளை வாங்குகிறது. கருத்துப்போன எண்ணெயில் பொரித்துச் செய்தித்தாளில் மடித்த பஜ்ஜி, விரலில் சிவப்பாக ஒட்டும் பொடி தூவிய பாக்கெட், தயாரித்தவர் பெயரோ ஊரோ இல்லாத ஜெல்லி. இரவில் வாந்தி, விடிந்ததும் வயிற்றுப்போக்கு.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மிச்சத்தையும் கவரையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆத்திரத்தைக் கொட்டுகிறார்கள். யாராவது இரண்டு பேர் போய்க் கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். நாலாம் நாள் கடை அதே இடத்தில் இருக்கிறது, வேறு பிள்ளைகள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டால், "கேட்டுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் தவறு. பள்ளிப் பிள்ளைகளின் உணவு குறித்து இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் வெளியிட்ட விதிமுறைகள் இருக்கின்றன. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள் விற்கக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. இதைச் சொல்லும் பலகையை வாசலில் வைப்பது பள்ளி நிர்வாகத்தின் கடமை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தப் பலகை இருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே தட்டிவிடுவார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொய்யாக்காயும் அவித்த சோளமும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டியை விரட்ட இந்த விதி வரவில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் முதலில் ஓடவிடுவது அவரைத்தான். பாக்கெட் சரம்சரமாகத் தொங்கும் கடை அப்படியே இருக்கும். புகார் எழுதும்போது எந்தக் கடை, எந்தப் பொருள் என்று குறிப்பாக எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் வேலை மருத்துவமனைதான். மருந்துக்கடை ஆலோசனை வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபடியே கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எங்கே வாங்கியது என்று மருத்துவரிடம் சொல்லி, உணவினால் வந்த பாதிப்பு என்ற சந்தேகத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பிற்பாடு எந்த அலுவலகத்திலும் உங்கள் பேச்சு எடுபடாது.

இரண்டாவது, கவரைத் தூக்கி எறியாதீர்கள். தின்று மீந்ததைச் சுத்தமான டப்பாவில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கவரின் இரு பக்கத்தையும் படமெடுங்கள். தொகுதி எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். சாலையோர வண்டிக்கும் பதிவுச் சான்றிதழ் உண்டு, அதிலும் 14 இலக்க எண் இருக்கும். எண் இல்லையென்றால் அதுவே புகாருக்கு ஒரு காரணம்.

மூன்றாவது, அன்றைக்கே புகார் கொடுங்கள். நீங்கள் கொண்டுபோகும் மிச்சத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்து, சட்டப்படி மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் வருவதற்குள் அந்தத் தொகுதிச் சரக்கு விற்றுத் தீர்ந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. ஒரு நாள் தாமதம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. "ஸ்கூல் பக்கத்துல கடை மோசம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, நடவடிக்கை இல்லை என்று குறைப்படுபவர்கள் ஏராளம். அதை வைத்து யாராலும் எங்கேயும் போக முடியாது. மாவட்ட நியமன அலுவலர் பெயருக்கு இப்படி எழுதுங்கள்: பள்ளியின் பெயர், தெரு, கடை எந்த வாசலிலிருந்து ஏறக்குறைய எத்தனை அடி தூரம், அடையாளத்துக்குப் பக்கத்துக் கட்டடம், வாங்கிய தேதியும் நேரமும், பொருளின் பெயர், தொகுதி எண், பிள்ளைக்கு என்ன ஆயிற்று, எங்கே சிகிச்சை. படங்களையும் ஓ.பி. சீட்டையும் இணையுங்கள். எண்ணெய் கருத்திருந்தால் அதைத் தனி வரியில் எழுதுங்கள். பொரித்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதை அந்த இடத்திலேயே அளந்து பார்க்கக் கையடக்கக் கருவி உண்டு. செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் அதுவும் விதிமீறல், அதையும் எழுதுங்கள்.

மாதிரி எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பஞ்சு மிட்டாய் சாட்சி. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருப்பது ஆய்வகத்தில் தெரிந்த பிறகுதான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. அதுவரை எத்தனை திருவிழாவில், எத்தனை பிள்ளைகளுக்கு நாமே வாங்கிக் கொடுத்தோம்!

அலுவலர் வராவிட்டாலும் வழி அடைபடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவின்படி, நுகர்வோரே கட்டணம் செலுத்திப் பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: சோதனைக்கு அனுப்பப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தவறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னை கிண்டி, கோவை, சேலம், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் உள்ளன.

வாட்ஸ்அப் புகாருக்கு இரண்டு வாரமாகியும் அசைவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனு எண் உள்ள ரசீது வாங்காமல் வராதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உணவுப் பாதுகாப்புத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்விகள் எழுதுங்கள்: என் புகாரின் பேரில் எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன, ஆய்வக அறிக்கை நகல் தருக. 30 நாளில் பதில் தர வேண்டும். புகாரைக் கிடப்பில் போடும் அலுவலர், அதைப் பற்றிப் பதில் எழுத நேரும்போது எழுந்து வண்டியை எடுப்பார்.

பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால் இழப்பீடும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை கடைக்காரரிடமிருந்து பெறலாம். நம் மாவட்டங்களில் இதை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். அவர் முதலில் கேட்பது ஓ.பி. சீட்டையும் கவரையும்தான். கவரை எறியாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஆனால் பசி தீராமல் எந்தப் புகாரும் பிள்ளையைக் கடையிலிருந்து தள்ளி வைக்காது. முந்தின இரவே ஊறப்போட்ட கறுப்புக் கொண்டைக்கடலை காலையில் மூன்று நாலு விசிலில் வெந்துவிடும். டப்பாவில் கொடுப்பதானால் தேங்காய் போடாதீர்கள், வெயில் நாளில் மாலைக்குள் கெட்டுவிடும். வேர்க்கடலையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடியும் ஒரு வாழைப்பழமும் டியூஷன் முடியும்வரை தாங்கும். பூஞ்சை பிடித்த கடலையையும் கசக்கும் கடலையையும் வறுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கு அவித்த முட்டையோ மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ போதும். வீட்டுக்கு வந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். உணவோடு குடிக்கும் டீ, அந்த உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறு மணிவரை சிறப்பு வகுப்பில் உட்கார வைக்கும் பள்ளிகளில் இது வீட்டோடு முடிகிற காரியம் இல்லை. அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவாருங்கள்: சிறப்பு வகுப்பு நாட்களில் மாலைச் சுண்டலுக்கு ஏற்பாடு செய்வது, வாசலில் 50 மீட்டர் பலகை வைப்பது. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு, வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பக்கத்தை உங்கள் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலகை வராத மாதத்தில் மனுவோடு இணைக்க அது வேண்டும்.