சக்கர நாற்காலியும் தோள்வலியும்

"சார், எழுத முடியல. தோளு குத்துது." ஏழாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி, காலாண்டுத் தேர்வின்போது என்னிடம் சொன்னாள். "பழகிடும்மா" என்றேன். பழகவில்லை. மூன்று வாரத்தில், நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு மாறக்கூட முடியாமல் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. உடல் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. கையை எப்பக்கமும் சுழற்றலாம், ஆனால் எடை தாங்க ஏற்றதல்ல. நாற்காலியைத் தானே தள்ளும் குழந்தைக்கோ அந்தத் தோள்தான் கால். தள்ளித் தள்ளித் தோளின் தசைநாண்கள் வீங்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போவதும் உண்டு. நமக்குத் தோள் வலித்தால் கைக்கு ஓய்வு கொடுக்கலாம். அவளுக்கு ஓய்வு என்றால் வீட்டில் முடங்குவதுதான்.

வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவர் முதலில் பார்த்தது அவள் தோளை அல்ல, நாற்காலியை. அது பெரியவர்களுக்கான அளவு. அதனால் கைகளை அகட்டி, தோளை உயர்த்தித் தள்ளியிருக்கிறாள். தள்ளும் வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கை 100 முதல் 120 பாகைக்குள் இருக்க வேண்டுமாம். நான் கணக்கு ஆசிரியர். கோணமானியோடு போய் அளந்தேன். 80கூட இல்லை! தடித்த மெத்தை போட்டதும் பாதி சரியானது. அளவான நாற்காலி கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று.

எடையும் முக்கியம். 2025இல் சென்னை ஐ.ஐ.டி. அறிமுகப்படுத்திய ஒய்.டி. ஒன் நாற்காலி 9 கிலோதான். வழக்கமான இரும்பு மடக்கு நாற்காலி ஏறத்தாழ இருமடங்கு. அதை மாற்ற நம்மால் முடியாது. டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்ள முடியும். வாரம் ஒருமுறை சைக்கிள் கடைக்குப் போனாலே தள்ளும் பாரம் குறைகிறது.

தள்ளும் முறையையும் மருத்துவர் மாற்றினார். வெடுக்வெடுக்கென்று அடிக்கடி தள்ளாமல், நீளமாக, நிதானமாகத் தள்ள வேண்டும். தள்ளி முடித்ததும் கையை வளையத்துக்குக் கீழே தளரவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். புண் வராதிருக்க அவள் கையூன்றி உடலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இப்போது மேசைமேல் முன்னால் சாய்ந்துகொள்கிறாள். வகுப்பு நடக்கும்போது சாய்ந்தால் தூங்குகிறாள் என்று விரட்டாதீர்கள். (நான் விரட்டியிருக்கிறேன்.)

எங்கள் சாய்தளத்தையும் அளந்தேன். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. ஒன்றரை அடி உயர வராந்தாவுக்கு 18 அடி வேண்டும். இருந்தது 7 அடி. பென்னாகரம் பக்கத்துப் பாறை மேட்டில் இடம் கிடைப்பதே கஷ்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, ஒருமுறை திருப்பி வளைத்து நீட்டினோம். கழிப்பறை இருக்கையை நாற்காலியின் உயரத்துக்கு ஏற்றிப் பிடிகம்பி வைத்தோம். கரும்பலகையில் அவள் எழுத வேண்டிய இடம் இப்போது கீழ்ப்பாதி. தோளுக்கு மேல் கை தூக்கி எழுதச் சொல்வதில்லை.

பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்தாள். வலி முழுதாகப் போகவில்லை. மாதம் ஒருமுறை நானே கேட்கிறேன்: "தோளு எப்படிம்மா இருக்கு?"