மீன்குளம் புகட்டும் பாடம்



நம் பள்ளியின் பின்புறத்தில், மதிற்சுவரை ஒட்டி ஒரு சிறு குளம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் இன்று ஏழு கோய் மீன்கள் நீந்துகின்றன. காண வருவோரிற் பலர், "இம்மீன் என்ன விலை?" என்று வினவுகின்றனர். "இதனை வளர்ப்பதால் வளர்ப்பவருக்கு என்ன பயன்?" என்று வினவுவோர் மிகச் சிலரே. அச்சிலரின் வினாவுக்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழவர் கண்ட அழகு

'கோய்' என்னும் ஜப்பானியச் சொல்லுக்குக் கெண்டை என்பது பொருள். வண்ணக் கெண்டையை அவர்கள் 'நிஷிகிகோய்' என்பர். பூவேலை செய்த பட்டுப் போன்ற கெண்டை என்பது அதன் கருத்து. அதன் பெயரையும் இன்றைய விலையையும் கேட்போர், அரசர்களும் செல்வர்களும் உருவாக்கிய மீன் அது என எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று.

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் யமகோஷி என்னும் மலைப்பகுதி உண்டு. அங்குள்ள உழவர்கள் மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல்களை அமைத்தனர். வயலுக்கு நீர் தேக்கிய குட்டைகளிற் கெண்டை மீன்களை வளர்த்தனர். பனி மூடிய நீண்ட குளிர்காலத்தில் அவர்களுக்கு உணவாக உதவியவை அம்மீன்களே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரிய கெண்டைகளின் நடுவே செந்நிறமும் வெண்ணிறமும் கொண்ட சில குஞ்சுகள் தோன்றின. அவற்றை உண்ணாமல் தனியே காத்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர் அவ்வுழவர்கள். 1914இல் தோக்கியோவில் நடைபெற்ற பொருட்காட்சியில் அம்மீன்கள் வைக்கப்பட்டபோதுதான் அவற்றின் புகழ் நாடெங்கும் பரவிற்று. வெள்ளை உடலிற் சிவப்புத் திட்டுகள் உடையதைக் 'கோஹாக்கு' என்றும், அவற்றோடு கறுப்புப் புள்ளிகளும் சேர்ந்ததைச் 'சங்கே' என்றும் அழைப்பர்.

2004ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் யமகோஷியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. சாலைகள் அறுந்தன, குளங்கள் பிளந்து நீர் வடிந்தது, எண்ணற்ற மீன்கள் மடிந்தன. ஊர்மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய மீன்களிற் பல ஹெலிகாப்டர் வழியாக மீட்கப்பட்டன. பின்னர் ஊர் திரும்பிய மக்கள் வீடுகளைச் சீரமைத்தது போலவே குளங்களையும் சீரமைத்தனர். தம் முன்னோர் பேணிய உயிர்களைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

உழைக்கும் மக்கள் இத்தொழிலைப் பேணிவருவதை நம்மவரிடையிலும் காணலாம். சென்னை நகரின் கொளத்தூர்ப் பகுதியில், வீட்டின் பின்புறத்திற் சிறு தொட்டிகள் கட்டி வண்ணமீன் வளர்த்து வாழும் குடும்பங்கள் பல. நம் சிங்கப்பூரும் உலகிற்கு வண்ணமீன் ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் நெடுங்காலமாக முன்னணியில் நிற்பதாகும்.

என் பிழை

இனி நம் பள்ளிக் குளத்திற்கு வருவோம். அதனை அமைத்தபோது நான் செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. குளத்தைக் கட்டி முடித்துக் குழாய்நீரை நிரப்பினோம். நீரிலுள்ள குளோரின் வெயிலில் அகன்றுவிடும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கற்றது நினைவிலிருந்தது. ஆகவே இரண்டு நாள் நீரைத் திறந்து வைத்து, மூன்றாம் நாள் பன்னிரண்டு மீன்களை விட்டேன். மறுநாள் காலையில் ஒன்பது மீன்கள் வெண்வயிறு தெரிய மிதந்தன.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னருகில் வந்து, "ஐயா, தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலையே நான் மீண்டும் மாணவனானேன்.

நான் கற்றுக்கொண்டது இது. நம் நாட்டுக் குழாய்நீரில் குளோரமின் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. நெடுந்தொலைவு குழாயில் ஓடினாலும் நீரிற் கிருமி அண்டாமல் காப்பது அதன் பணி. அந்நீரைப் பருகும் மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் மீனுக்கோ செவுளின் மெல்லிய தோல் வழியாக அது நேரே குருதியிற் கலந்துவிடுகிறது. வெறும் குளோரின் காற்றில் அகலும். குளோரமின் இரண்டொரு நாளில் அகலாது. அதனை முறிக்கும் மருந்து வண்ணமீன் கடைகளிற் கிடைக்கிறது. புட்டியிற் குறித்துள்ள அளவின்படி அதனைச் சேர்த்த பின்னரே நீர் மீனுக்கு ஏற்றதாகும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதெல்லாம் தூயது அன்று என்பதே அக்குளம் எனக்குப் புகட்டிய முதற்பாடம்.

நீரை வளர்த்தல்

மீனை வளர்ப்பதாக நாம் கூறுகிறோம். உண்மையில் நீரை நன்கு வளர்த்துவிட்டால் மீன் தானே வளரும். அது எவ்வாறு எனக் காண்போம்.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரிற் கலக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. மற்றொரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. தாமரை, அல்லி போன்ற நீர்ச்செடிகள் அதனை உரமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலுள்ள கற்களிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டொரு மீன்களை மட்டும் வைத்துக் காத்திருத்தல் வேண்டும். வடிகட்டியை அழுக்குப் போகக் குழாய்நீரிற் கழுவினால் அந்நுண்ணுயிர்கள் மடியும். குளத்து நீரிலேயே அலசுதல் வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்னும் பழமொழி குளத்திற்கும் பொருந்தும் அன்றோ!

அடுத்தது கணக்கு. நம் குளத்தின் நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 7.2 கனமீட்டர், அதாவது 7,200 லிட்டர். நன்கு வளர்ந்த கோய் 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஆகையால் ஒரு மீனுக்கு 1,000 லிட்டர் நீர் வேண்டுமென அனுபவமுடையோர் கூறுவர். இக்குளம் தாங்கக்கூடியது ஏழு மீன்களே. நான் விட்டவையோ பன்னிரண்டு! இப்போது வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறோம். அது எத்தனை லிட்டர் என்பதை நான்காம் வகுப்பு மாணவர்களே கணக்கிட்டு, மருந்தின் அளவையும் கூறுகின்றனர். கரும்பலகையிற் கசந்த பெருக்கல், குளக்கரையில் இனிக்கிறது.

உணவிலும் அளவு வேண்டும். கெண்டை இனத்திற்கு நம்மைப் போன்ற இரைப்பை இல்லை. மிகுதியாக உண்டு சேமித்துவைக்க இயலாது. ஐந்து நிமிடத்திற்குள் உண்டு முடிக்கும் அளவே ஒருவேளைக்குப் போதும். மிஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது எவ்வளவு பொருத்தம்!

ஒரு மாணவனின் கண்

நம் பள்ளியில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் இருந்தான். வகுப்பில் எழுந்து விடை கூற அஞ்சுவான். அவனை மீன்களுக்கு உணவிடும் குழுவிற் சேர்த்தோம். ஒருநாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே அவன் என் அறைக்கு ஓடிவந்தான். "ஐயா, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் விழும் ஓசையும் கேட்கவில்லை" என்றான். சென்று பார்த்தபோது பம்பு நின்றுபோயிருந்தது. உடனே வாளிகளால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், பம்பும் சீராக்கப்பட்டது. ஒரு மீனும் மடியவில்லை.

நடந்தது என்ன? நீர் சூடாக ஆக, அதிற் கரையும் உயிர்வளி குறையும். 10 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும்; நம் நாட்டில் இயல்பான 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். இரவில் செடிகளும் பாசியும்கூட உயிர்வளியை உட்கொள்வதால் விடியற்காலையில் அது மிகக் குன்றிவிடும். பம்பு நின்ற விடியலில் இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் ஏழு மீன்களையும் இழந்திருப்போம். அன்று இறைவணக்கக் கூட்டத்தில் நடந்ததை எடுத்துரைக்குமாறு அம்மாணவனை அழைத்தேன். அவன் நடுங்கியவாறே தொடங்கினான், தடுமாறாது முடித்தான். மீன்களைக் காத்தவன் அவன். அவனது நாவைக் கட்டவிழ்த்தவை அம்மீன்கள்.

குளம் அளிக்கும் ஆறுதலுக்கும் ஒரு சான்று கூறுவேன். நம் பேட்டையிற் பெருக்கும் பணி செய்யும் அன்பர் ஒருவர் வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் குளத்தருகே அமர்வார். தம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் தாயாரோடு சென்று மீனுக்குப் பொரி தூவிய நாளை நினைவுகூர்வார். "உட்கார்ந்தால் கால்வலி போவதில்லை ஐயா, ஆனால் மறந்துபோகிறது" என்று அவர் ஒருமுறை சொன்னார். அவரது காலடி அதிர்வை உணர்ந்ததும் மீன்கள் கரைக்கு வருகின்றன. மீனுக்கு வெளிக்காது இல்லை. எனினும் கெண்டை இனத்தின் உடலிலுள்ள காற்றுப்பையிலிருந்து உட்செவிக்குச் சிற்றெலும்புகள் தொடர்பு தருவதால் அது ஓசையை நன்கு உணரும். உணவிடுபவரை விரைவிற் பழகிக்கொள்ளும். நாள் முழுதும் உழைத்த ஒருவரை எதிர்கொண்டு வரவேற்க ஏழு உயிர்கள் இருப்பது சிறு பேறு அன்று.

அடுக்குமாடி இல்லத்தார்க்கு

"எங்கள் வீட்டில் தோட்டம் ஏது, குளம் ஏது?" எனப் பெற்றோர் பலர் கேட்கலாம். நம்மிற் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோரே. கோய் மீனைச் சிறு கண்ணாடித் தொட்டியில் அடைத்தல் கூடாது, அது கொடுமை. ஆயினும் நாற்பது லிட்டர் தொட்டியில் ஐந்தாறு கப்பி மீன்களை வளர்க்கலாம். மேலே கூறிய நீர்ப்பாடம் அனைத்தும் அச்சிறு தொட்டிக்கும் பொருந்தும். லோங்காங் என்னும் சாக்கடைக் கால்வாயிற் பால் டின்னால் இதே கப்பிகளைப் பிடித்து விளையாடிய தாத்தா பாட்டிமார் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை நீளும்.

தேங்கிய நீரில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகாதா என்று அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். மீன் உள்ள குளத்தில் புழுக்கள் இரையாகிவிடும்; மீனில்லாத பூந்தொட்டித் தட்டும் வாளியுமே ஆபத்தானவை. அவற்றை அடிக்கடி கவிழ்த்து உலர்த்துங்கள். தரைவீட்டிற் குளம் அமைப்போர் சிறு குழந்தைகள் விழாதவாறு வேலியோ வலையோ அமைத்தல் கட்டாயமாகும். புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். கோய் இனத்தை அழிக்கும் ஹெர்பிஸ் நச்சுயிரி நோய் 1998 முதல் பல நாடுகளிற் பரவியுள்ளது; அது மனிதரைத் தொற்றுவதில்லை.

இன்னொன்றையும் கூற வேண்டும். வளர்த்துச் சலித்த மீனைக் கிராஞ்சி நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அங்கு வாழும் உயிர்களுக்கும் அது கேடாகும். நம் கையால் உண்டு பழகிய மீனுக்கும் அது விடுதலை ஆகாது. வளர்க்க இயலாவிடின் மற்றொரு வளர்ப்பாளரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படையுங்கள்.

நீர்நிலைகளின் அழகைக் காண விரும்புவோர் அருகிலுள்ள மார்சிலிங் பூங்காவுக்குச் செல்லலாம். விடுமுறையில் ரயிலேறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறிச் சைனீஸ் கார்டன் நிலையத்தில் இறங்கினால், 1973இல் திறக்கப்பெற்று 2024இல் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பட்ட ஜப்பானியத் தோட்டத்தையும் காணலாம்.

நன்கு பேணப்பட்ட கோய் முப்பதாண்டு வாழக்கூடும். இன்று நம் குளத்திற்கு உணவிடும் சிறுவர் சிறுமியர் வளர்ந்து, தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வரும் நாளிலும் இம்மீன்களிற் சில நீந்திக்கொண்டிருக்கலாம். அது நடைபெற வேண்டுமாயின் நாள்தோறும் எவரேனும் ஒருவர் நீரைப் பார்க்க வேண்டும். அளவறிந்து உணவிட வேண்டும். ஓசை நின்றால் ஓடிவந்து சொல்ல வேண்டும். கூர்ந்து நோக்கும் கண், அளவறிந்து ஈயும் கை, பொறுமையுள்ள மனம் ஆகிய மூன்றும் இப்பணியால் நமக்கு வாய்க்கின்றன. எந்த விலைக்கும் கடையிற் கிடைக்காத பயன்கள் இவை.

மாணவச் செல்வங்களே! அடுத்த வாரத்திலிருந்து குளப்பணிக் குழுவிற்குப் புதிய பெயர்கள் பதிவு செய்யப்படும். கைகளை நன்கு கழுவிக்கொண்டு வாருங்கள். மீன்கள் காத்திருக்கின்றன. வாழ்க வளமுடன்!