ஆள் குறைந்தால் சபை அழிந்துவிடுமா?



கம்போங் குவாந்தான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மின்மினிதான் ஞாபகம் வரும். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரம்பாங் மரங்களில் அவை கூட்டமாகச் சேர்ந்து மின்னுவதைப் பார்க்க இருட்டில் படகேறிப் போகிறார்கள். நமக்கோ இந்தப் பக்கம் என்றால் பால்மரம், செம்பனை, லயம், விடியற்காலைப் பெரட்டு. சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் நாங்கள் இந்த வாரம் சம்பளத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. தோட்டத்து வேதக்காரர்களின் சிறிய கோயில்களைப் பற்றி எழுதுகிறோம். மற்றவர்களும் படியுங்கள். விஷயம் எல்லாருக்கும் பொதுவானது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சிற்றாலயம் ஒன்று உண்டு. நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் திருநாளுக்கு உள்ளே நிற்க இடம் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை அங்கே போனபோது ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் ஒரே வீட்டார். "சாமியார் மாதம் ஒரு தரம் வருகிறார். அவருக்குச் சிரமம் கொடுக்காமல் கோயிலைச் சாத்திவிடலாமா?" என்று பேச்சு நடந்தது.

ஏன் இந்த நிலை? பக்தி குறைந்து போயிற்று என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை அது மட்டுமா? 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்கள். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அத்தனை கைகள் தேவைப்படவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் வேலை தேடிப் போயாச்சு. இன்று காட்டு வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆகவே ஆள் குறைந்தது சபையின் குற்றமல்ல. இருக்கிறவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்களே, அதுதான் சபையின் குற்றம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பாட்டி கோயிலுக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்கப் போனோம். பசியாறக் கொடுத்துவிட்டுப் பாட்டி சொன்னார்: "என் வீட்டுக்காரர் செத்தப்போ பக்கத்து லயத்து மாரியம்மன் கோயில்காரங்கதான் பெட்டி வாங்கினாங்க தம்பி. நம்ம ஆளுங்க ஒருத்தர் வரல. சாவுக்கு வராத கோயிலுக்கு நான் எதுக்கு வரணும்?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சங்கக் கிளையிலிருந்து நாங்களும்தான் அன்று போகவில்லை. தலை குனிந்தபடி திரும்பி வந்தோம்.

குருவானவர் இல்லாவிட்டால் சபை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று சொல்கிறோம். இது யாழ்ப்பாணத்து மண்ணில் நடந்தது. 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு இடம் கொடுத்தால் கடும் தண்டனை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே பூசை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே சொன்ன செபந்தான் மிஞ்சியது.

1687ல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கடல் கடந்து அங்கே வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? கூலியாள் வேடத்தில்! நம்மைப் போல் கூலியாளாக, வெறுங்காலோடு. வந்த இடத்தில் வயிற்றுக் கடுப்பு நோய். ஒதுக்குப்புறத்தில் கிடந்தவருக்கு ஏழைப் பெண் ஒருத்தி கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாள் என்று அவர் வரலாறு சொல்கிறது. உடம்பு தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யார் கண் கலங்குகிறதோ அவர்கள் நம்மவர்கள் என்று கண்டுகொண்டார். சில்லாலை என்ற ஊரில் தங்கி, இரவு நேரங்களில் சபையைத் திரட்டினார்.

அவர் கால் வைத்த இடமெல்லாம் ஓர் ஏற்பாடு செய்தார். தாம் இல்லாத நாட்களில் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கவும் ஊர்க்காரர்களையே மூப்பர், அண்ணாவி என்று நியமித்தார். 1697ல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டு ஓடியபோது, அடிகளார் குடிசை போட்டு, என்ன மதம் என்று கேட்காமல் புண்ணைக் கழுவினார். 1711ல் கண்டியிலே காலமானார். 2015 ஜனவரி 14ல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். செபமும் கஞ்சியும் சேர்ந்துதான் அந்தச் சபையைக் காப்பாற்றின. ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

நம் நாட்டிலும் இந்த யோசனை புதிதல்ல. வெளிநாட்டுச் சாமியார்கள் நெடுங்காலம் தங்க முடியாது என்ற நிலை வந்த அந்தக் காலத்தில், 1976ல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் ஒரு மாதம் ஒன்றுகூடி யோசித்தார்கள். கோயில் கட்டடத்தை மட்டும் நம்பாமல், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சிறு குழுவாகச் சேர்வதே முதல் வேலை என்று முடிவு செய்தார்கள். அதைத்தான் தமிழில் அன்பியம் என்கிறோம். மெத்தடிஸ்ட், லுத்தரன் சபையாருக்கும் வீட்டுச் செபக் கூட்டம் பழக்கமானதே.

இந்தக் குழுக்கள் பல நாடுகளில் கையாளும் முறை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற நிலையத்தில் உருவானது. ஏழு படிகள். ஆண்டவரை அழைப்பது, வேத வசனத்தை வாசிப்பது, மனதில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, அமைதியாக இருப்பது, மனதில் உள்ளதைப் பகிர்வது, நாம் செய்ய வேண்டிய வேலை என்ன என்று பேசுவது, கடைசியில் சேர்ந்து செபிப்பது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர் போதும்.

ஆறாம் படியைக் கவனியுங்கள். 'நாம் செய்ய வேண்டிய வேலை என்ன?' பல இடங்களில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பாடுவார்கள், செபிப்பார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது? மூன்று குடும்பங்கள் சேர்ந்து, புதன்கிழமை செபத்தைப் பாட்டியின் வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். முதலில் மன்னிப்புக் கேட்டார்கள். முதல் நாள் பாட்டி உள்ளேயே இருந்துவிட்டார். இரண்டாம் புதன் கதவோரம் நின்றார். மூன்றாம் புதன் பாய் விரித்துப் போட்டார். ஆறாம் படியில் பேச்சு வந்தபோது, பாட்டிக்குச் சர்க்கரை நோய் என்றும், கிளினிக் போக வண்டி இல்லாமல் மருந்தை விட்டுவிட்டார் என்றும் தெரிந்தது. ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போக ஒத்துக்கொண்டான். அதோடு வீட்டுக்கு வாரம் இரண்டு வெள்ளி, ஒரு மைலோ டின்னில், மரணச் சகாய நிதியாக. இப்போது புதன்தோறும் பத்தொன்பது பேர் கூடுகிறார்கள். பெரிய கூட்டமில்லை. ஆனால் கோயிலைச் சாத்தும் பேச்சு நின்றுவிட்டது.

சங்கத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். முதலில் எல்லா வீட்டுப் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வராதவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். காசை இரண்டு பேர் எண்ணி, எல்லார் முன்னாலும் கணக்கு வாசியுங்கள். பல சபைகளும் சங்கக் கிளைகளும் உடைந்தது கணக்கினால்தான். யார் தலைவர் என்ற சண்டை வந்தால், அடுத்த சாவு வீட்டில் முதலில் விறகு தூக்குபவர் யார் என்று பாருங்கள், அவர்தான் தலைவர். உதவி செய்யும்போது என்ன மதம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பாட்டியின் வீட்டுச் சாவுக்குப் பெட்டி வாங்கிய மாரியம்மன் கோயில்காரர்கள் கேட்டார்களா?

தோட்டம் விற்கப்படலாம். தகரக் கூரை ஒரு நாள் இறக்கப்படலாம். அப்போது தாமானுக்கோ பிளாட்டுக்கோ நாம் எடுத்துப் போகக்கூடியது அந்தப் பெயர் எழுதிய நோட்டும், புதன்கிழமைப் பழக்கமும்தான். அவை இருந்தால் சபை இருக்கும்.

இந்த வாரம் ஒரு வீட்டுக்காவது போய்ப் பாருங்கள். "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள்.